வீரர்களின் உடல் விவரங்கள் யார் கையில்? சாந்தி முதல் மரபணுச் சோதனை வரை ஒரு பார்வை

விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி விளையாட்டு அமைப்புகள் அறிந்து வைத்திருக்கும் அளவுக்கு வேறு எந்தத் தொழிலிலும் ஒரு நிறுவனம் தன் ஊழியரைப் பற்றி அறிந்து வைத்திருப்பதில்லை. ரத்தம், சிறுநீர், எலும்பின் வயது, ஹார்மோன் அளவு, உறங்கும் இடம், உட்கொள்ளும் மருந்து என அனைத்தும் அங்கே பதிவாகின்றன. இவற்றில் பெரும்பாலானவை நேர்மையான போட்டிக்குத் தேவையானவைதான். ஆனால், திரட்டப்பட்ட விவரம் யாரிடம் போகிறது, எவ்வளவு காலம் இருக்கிறது, கசிந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு இந்திய விளையாட்டுத் துறையில் நீண்ட காலம் விடையே இருக்கவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் தமிழகத்தைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை.

தோஹாவில் நடந்தது

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி கிராமத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் கத்தார் தலைநகர் தோஹாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் 800 மீட்டர் ஓட்டத்தில் 2 நிமிடம் 3.16 விநாடியில் இலக்கை எட்டி வெள்ளிப் பதக்கம் வென்றார். பந்தயம் முடிந்த பிறகு அவர் பாலினச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். சில நாட்களில் அவர் அந்தச் சோதனையில் தேறவில்லை என்ற செய்தி ஊடகங்களில் வெளியானது. பதக்கம் பறிக்கப்பட்டது.

சோதனையின் நோக்கம் தமக்கு விளக்கப்படவில்லை என்றும், முடிவைத் தொலைக்காட்சிச் செய்தி வழியாகவே தெரிந்துகொண்டதாகவும் சாந்தி பின்னர் அளித்த பேட்டிகளில் கூறியுள்ளார். இங்கே இரண்டு தனித்தனிப் பிரச்னைகள் உள்ளன. அவர் மகளிர் பிரிவில் போட்டியிடலாமா என்பது விளையாட்டு விதிகள் சார்ந்த கேள்வி. அதில் இன்றுவரை கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆனால், 25 வயதுப் பெண் ஒருவரின் மருத்துவ விவரம் அவருக்குத் தெரியும் முன்பே நாடு முழுவதற்கும் தெரிந்தது எப்படி என்பது விதிகள் சார்ந்த கேள்வி அல்ல. எந்தத் தரப்பு வாதத்தை ஏற்றாலும் அந்தக் கசிவுக்கு நியாயம் கிடையாது. சோதனை அறிக்கையைக் கையாண்டவர்களில் எவரும் அதற்குப் பொறுப்பேற்கவும் இல்லை.

அன்றைய முதல்வர் மு.கருணாநிதி தலைமையிலான தமிழக அரசு, பதக்கம் பறிக்கப்பட்ட பின்னரும் சாந்திக்கு ரூ.15 லட்சம் பரிசுத் தொகையை வழங்கியது. ஆயினும் ஓட்டப் பாதை அவருக்கு அடைக்கப்பட்டுவிட்டது. 2012-ஆம் ஆண்டு அவர் செங்கல் சூளையில் வேலை பார்த்து வந்த செய்தி வெளியாகி நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அதன் பின்னர் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளரானார்.

பெயர் சொல்லாமல் அடையாளம் காட்டுதல்

சாந்திக்கு நேர்ந்தது விதிவிலக்கு அல்ல. ஸ்பெயின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ 1985-ஆம் ஆண்டு ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியின்போது இத்தகைய சோதனையை எதிர்கொண்டார். காயம் என்று சொல்லி ஒதுங்கிவிடுமாறு கூறப்பட்டதை ஏற்காமல் அடுத்த ஆண்டு தேசியப் போட்டியில் ஓடினார். அவரது சோதனை முடிவு பத்திரிகைகளில் வெளியானது. 1988-இல் அவருக்கு மீண்டும் போட்டியிடும் தகுதி அளிக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டு பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 800 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அவரிடம் சோதனை கோரப்பட்டிருப்பதைச் சர்வதேச தடகள சம்மேளனமே உறுதிப்படுத்தியது. சில வாரங்களில் முடிவு எனக் கூறப்பட்ட விவரங்களும் நாளிதழில் வெளியாகின.

இந்தியாவில் அடுத்த அத்தியாயம் ஒடிஸாவின் துத்தி சந்துடையது. 2014-ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து அவர் நீக்கப்பட்டபோது, இந்திய விளையாட்டு ஆணையம் வெளியிட்ட அறிக்கையில் வீராங்கனையின் பெயர் இல்லை. ஆனால், கடைசி நேரத்தில் அணியில் இடம் இழந்தவர் யார் என்பது தடகள வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பெயர் வெளிவர அதிக நேரம் ஆகவில்லை. பெயரை மட்டும் நீக்கிவிட்டால் அந்தரங்கம் காக்கப்பட்டுவிடும் என்ற எண்ணம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. ஊர், வயது, பந்தயத் தூரம் ஆகிய மூன்றும் தெரிந்தால் இந்தியாவில் எந்த இளம் வீரரையும் கண்டுபிடித்துவிடலாம். துத்தி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தை அணுகினார். 2015 ஜூலையில் அந்த ஹார்மோன் விதியை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

தோஹாவில் தங்கம் வென்ற 4x400 மீட்டர் தொடர் ஓட்ட அணியில் இடம்பெற்றிருந்த பிங்கி பிரமாணிக்கின் நிலை இன்னும் மோசமானது. 2012-ஆம் ஆண்டு குற்ற வழக்கு ஒன்றில் அவர் கைதானபோது, மருத்துவப் பரிசோதனைக் காட்சி செல்போன்களில் பரவியது. குற்றச்சாட்டுகளை கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2014-இல் ரத்து செய்தது. ஆனால், பரவிய காட்சியை எந்த நீதிமன்றத்தாலும் திரும்பப் பெற முடியாது.

மேற்கண்ட ஐவர் விஷயத்திலும் சோதனைகளின் மருத்துவ முடிவுகள் இணையத்தில் இன்றும் கிடைக்கின்றன. அவற்றை மீண்டும் எழுதுவதால் வாசகருக்கு எந்தப் பயனும் இல்லை என்பதால் இங்கு தவிர்க்கப்பட்டுள்ளன.

இனி எல்லோருக்கும் மரபணுச் சோதனை

சந்தேகத்தின் பேரில் சிலரைச் சோதிக்கும் முறை இப்போது மாறிவிட்டது. உலகத் தரவரிசைக்குரிய போட்டிகளில் மகளிர் பிரிவில் பங்கேற்க விரும்பும் அனைவரும் வாழ்நாளில் ஒருமுறை எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற விதியை உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அதே மாதம் டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அது முதல்முறையாகப் பின்பற்றப்பட்டது. கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுக்கப்படும் மாதிரி அல்லது ரத்த மாதிரி போதும். சோதனையை நடத்தும் பொறுப்பு அந்தந்த நாட்டுச் சம்மேளனங்களுடையது.

ஒருவரைத் தனியாகக் குறிவைக்காமல் அனைவரையும் சோதிப்பது அவமானத்தைக் குறைக்கும் என்பது இம்முறையை ஆதரிப்போரின் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், முன்பு ஒரு சிலருடைய அறிக்கைகளைப் பூட்டி வைத்தால் போதும் என்ற நிலையில் இருந்த சம்மேளனங்கள், இனி அனைத்து வீராங்கனைகளின் மரபணுத் தகவலுக்கும் காவலராக வேண்டும். ரகசிய எண்ணை மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற இயலாது. பிரான்ஸில் மருத்துவக் காரணமின்றி மரபணுச் சோதனை நடத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், அந்நாட்டு வீராங்கனைகளுக்கு வெளிநாட்டில் சோதனை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. இந்தியாவில் அத்தகைய தடை இல்லை.

செமன்யா தொடர்ந்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு 2025 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. சுவிட்சர்லாந்து உச்ச நீதிமன்றம் அவரது வழக்கைப் போதிய ஆழத்துடன் ஆராயாததால் நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என அதில் கூறப்பட்டது. அந்தரங்க வாழ்வுக்கான உரிமை தொடர்பான புகாரையோ அதிகார வரம்பைக் காரணம் காட்டி நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

தினமும் ஒரு மணி நேரம்

ஊக்கமருந்து தடுப்பு விதிகளின்படி, பதிவு செய்யப்பட்ட சோதனைக் குழுவில் உள்ள வீரர், ஒவ்வொரு நாளும் காலை 5 மணி முதல் இரவு 11 மணிக்குள் 60 நிமிட நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அப்போது எங்கு இருப்பார் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இரவு தங்கும் முகவரியும் தேவை. 12 மாதங்களில் மூன்று முறை தவறினால் அதுவே விதிமீறலாகக் கருதப்படும். முன்னறிவிப்பின்றிச் சோதனை நடத்தாமல் ஊக்கமருந்தைத் தடுக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது. இருப்பிடத் தகவல் தவறான கைகளில் சிக்கினால் பாதுகாப்புக்கே ஆபத்து என்பதும் அதே அளவு உண்மை. இந்தக் காரணத்தைக் கூறித்தான் 2009-ஆம் ஆண்டு இந்திய கிரிக்கெட் வீரர்களும் கிரிக்கெட் வாரியமும் இந்த விதியை எதிர்த்தனர். 2019 ஆகஸ்டில்தான் வாரியம் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் வரம்புக்குள் வர இசைந்தது. வாரியத்துக்குக் கிடைத்த அந்தப் பத்தாண்டு அவகாசம் ஒரு பளுதூக்கும் வீரருக்கோ குண்டு எறிதல் வீராங்கனைக்கோ கிடைக்கவில்லை.

அச்சம் கற்பனையானது அல்ல என்பதை 2016 செப்டம்பர் காட்டியது. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் கணினித் தரவுத்தளத்துக்குள் நுழைந்த 'ஃபேன்ஸி பேர்ஸ்' என்ற குழு, சிமோன் பைல்ஸ், செரீனா வில்லியம்ஸ், வீனஸ் வில்லியம்ஸ் உள்ளிட்டோரின் மருத்துவ விலக்கு ஆவணங்களை இணையத்தில் கொட்டியது. மருத்துவக் காரணங்களுக்காக முறைப்படி அனுமதி பெற்று மருந்து உட்கொண்டவர்கள், ஏமாற்றுக்காரர்களைப் போலச் சித்திரிக்கப்பட்டனர். இது தொடர்பாக ரஷிய ராணுவ உளவுத் துறையைச் சேர்ந்த 7 பேர் மீது அமெரிக்கா 2018 அக்டோபரில் குற்றம் சாட்டியது. வீரர்களின் தரவைக் காப்பதற்கென்றே ஒரு சர்வதேசத் தர விதியை அந்த அமைப்பு 2009 முதல் வைத்திருக்கிறது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. விதி இருந்தும் கதவு திறந்துகொண்டது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம், வீரரின் பாலினம், மருத்துவ வரலாறு, இருப்பிடம் போன்ற தகவல்களைச் சர்வதேசத் தரப்படி திரட்டவும் கையாளவும் முகமைக்கு அதிகாரம் அளிக்கிறது. விதிமீறல் உறுதியானால் வீரரின் பெயர், மீறப்பட்ட விதி, தண்டனை ஆகியவற்றை வெளியிடவும் வழி செய்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோர் விஷயத்தில் கட்டாயமாகப் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று உலக விதித் தொகுப்பு கூறுகிறது.

எல்லையோர ஊர்களின் சிறுவர்கள்

பெரிய பெயர்களைப் பற்றிய விவாதத்தில் மறைந்துபோவது தொடக்க நிலை வீரர்களின் தரவு. தேனி மாவட்டம் கம்பத்தையும் கேரளத்தின் நெடுங்கண்டத்தையும் இணைக்கும் மலைச்சாலையில், இரு மாநில எல்லையில் அமைந்திருக்கிறது கம்பம்மெட்டு. ஏலத் தோட்டங்கள் சூழ்ந்த இப்பகுதியில் தமிழும் மலையாளமும் ஒன்றாகப் புழங்குகின்றன. நடுத்தர தூர ஓட்டத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம் இடுக்கி. 2002-ஆம் ஆண்டு புசான் ஆசியப் போட்டியில் மகளிர் 800 மீட்டரில் தங்கம் வென்ற கே.எம்.பீனாமோல், அதே போட்டியில் ஆடவர் 800 மீட்டரில் வெள்ளி வென்ற அவரது சகோதரர் கே.எம்.பினு ஆகியோர் இம்மாவட்டத்தின் கொம்பொடிஞ்ஞாலைச் சேர்ந்தவர்கள்.

இத்தகைய எல்லை ஊரிலிருந்து ஓடத் தொடங்கும் ஒரு சிறுமி படிக்கும் பள்ளி ஒரு மாநிலத்திலும், பெற்றோரின் குடும்ப அட்டை மற்றொரு மாநிலத்திலும் இருக்கலாம். பள்ளி விளையாட்டு, மாவட்டத் தடகளச் சங்கம், மாநில விளையாட்டு விடுதி, தேசியச் சம்மேளனம் என ஒவ்வொரு படியிலும் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவச் சான்று ஆகியவை மீண்டும் மீண்டும் கேட்கப்படுகின்றன. கேரள மாநில விளையாட்டுக் கவுன்சிலும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் வெவ்வேறு அமைப்புகள். ஒன்றில் கொடுத்தது மற்றொன்றுக்குத் தெரியாது. பயிற்சியாளரின் செல்போனில் ஒரு நகல், சங்கச் செயலரின் மின்னஞ்சலில் ஒரு நகல், நகலெடுக்கும் கடையின் கணினியில் ஒரு நகல் எனத் தங்கிவிடும் ஆவணங்களை அழிக்கும் பழக்கம் எங்கும் இல்லை. பிறந்த தேதியுடன் கூடிய பங்கேற்பாளர் பட்டியல்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருவது சாதாரணமாகிவிட்டது.

வயது மோசடியைத் தடுக்கும் நடவடிக்கைகள் இதற்கு இன்னொரு அடுக்கைச் சேர்க்கின்றன. வயதைக் குறைத்துக் காட்டுவோரால் உண்மையான சிறார் வீரர்கள் வாய்ப்பிழப்பது இந்திய விளையாட்டின் பழைய நோய். அதற்காக எலும்பு எக்ஸ்ரே போன்ற சோதனைகளை 2010-ஆம் ஆண்டின் தேசிய விதித் தொகுப்பு ஏற்படுத்தியது. 2025 மார்ச்சில் மத்திய விளையாட்டு அமைச்சகம் வெளியிட்ட திருத்த வரைவு, மையத் தரவுத்தளத்தையும் கியூஆர் குறியீடு கொண்ட அடையாள அட்டையையும் முன்மொழிந்தது. நோக்கம் சரியானதே. எனினும் பல்லாயிரம் சிறார்களின் மருத்துவப் படங்கள் ஒரே இடத்தில் குவியும்போது, அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு என்பதை வரையறுக்காமல் விட்டால் புதிய சிக்கல் உருவாகும்.

புதிய சட்டம் என்ன செய்யும்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. ஒப்புதல் பெறுதல், பாதுகாத்தல், அழித்தல் உள்ளிட்ட முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பின், அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன.

விளையாட்டுச் சங்கங்களும் சம்மேளனங்களும் தனியார் அகாதெமிகளும் இச்சட்டத்தின் கீழ் வரும். எந்த விவரம் எதற்காகப் பெறப்படுகிறது என்பதைத் தெளிவான மொழியில் கூற வேண்டும். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் அதைப் பெறும் வாய்ப்பு வீரருக்கு உண்டு. தோஹாவில் என்ன சோதனை என்றே தெரியாமல் நின்ற ஒருவரை நினைவில் கொண்டால் இதன் அருமை விளங்கும். தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள் செல்ல வேண்டும். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம்.

18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. சிறாரைக் கண்காணித்துப் பின்தொடரவும் சட்டம் தடை விதிக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கும் மருத்துவ நிறுவனங்களுக்கும் இதில் சில விலக்குகள் உள்ளன. விளையாட்டு அகாதெமிகள் அந்தப் பட்டியலில் பெயர் குறிப்பிடப்படவில்லை. 16 வயதுக் கால்பந்து வீரருக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்திய உள்ளாடை அணிவித்து அவரது வேகத்தையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்வது பயிற்சியா, கண்காணிப்பா என்ற கேள்வி விரைவில் வாரியத்தின் முன் வரக்கூடும். இங்கிலாந்தில் 850-க்கும் மேற்பட்ட கால்பந்து வீரர்கள் தங்கள் ஆட்டத் தரவைத் தரவு நிறுவனங்களும் சூதாட்ட நிறுவனங்களும் வணிகமாக்குவதை எதிர்த்து 2021-இல் சட்ட நடவடிக்கையைத் தொடங்கினர்.

குறைகளும் சிறியவை அல்ல. ஐரோப்பியச் சட்டம் உடல்நலம், மரபணு சார்ந்த தகவல்களைத் தனி வகையாகப் பிரித்து கூடுதல் பாதுகாப்பு அளிக்கிறது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய வகைப்பாடு இல்லை. செல்போன் எண்ணும் மரபணு அறிக்கையும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன. உதவித்தொகை, சான்றிதழ் போன்ற அரசுப் பயன்களை வழங்க, குறிப்பிட்ட சூழல்களில் புதிதாக ஒப்புதல் பெறாமலேயே தரவைக் கையாள அரசு அமைப்புகளுக்கு அனுமதி உண்டு. இந்தியாவில் விளையாட்டு விடுதி முதல் ஊக்கத்தொகை வரை பெரும்பாலானவை அரசின் வழியே வருவதால், இந்த விதிவிலக்கு வீரர்களின் வாழ்வில் பெரும் பகுதியைத் தொடுகிறது. மேலும், விதிக்கப்படும் அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்கே செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கோர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும், புதிய கடமைகள் நடைமுறைக்கு வரும் நாளில் நீங்குகிறது. இன்னொரு சாந்திக்கு இப்படி நேர்ந்தால், சம்மேளனம் அபராதம் கட்டலாம்; அவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது.

ஒப்புதல் என்பதே இத்துறையில் ஐயத்துக்குரியது. கையெழுத்திடாவிட்டால் அணியில் இடமில்லை என்ற நிலையில் பெறப்படும் இசைவு எந்த அளவுக்குச் சுதந்திரமானது? கரோனா காலத்தில் இந்திய விளையாட்டு ஆணையம், தொற்று உறுதியான ஹாக்கி வீரர்களின் பெயர்களைச் செய்திக் குறிப்புகளில் வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் மன்தீப் சிங்கின் ரத்த ஆக்சிஜன் அளவு குறைந்ததும், 2021 ஏப்ரலில் அன்றைய மகளிர் அணித் தலைவி ராணி ராம்பால் உள்பட 7 வீராங்கனைகளுக்குத் தொற்று ஏற்பட்டதும் அவ்வாறே தெரியவந்தன. அப்போது அதைப் பெரிதாக எவரும் கேள்வி கேட்கவில்லை, ஊடகங்கள் உள்பட.

வெளிப்படைத்தன்மையின் பெயரில்

2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், அரசு நிதி பெறும் தேசிய விளையாட்டு அமைப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டு வந்துள்ளது. அதே ஆண்டு நவம்பரில், தனிநபர் தகவலை வெளியிட மறுக்க உதவும் அச்சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது. பொது நலன் கருதி வெளியிடலாம் என அப்பிரிவிலேயே இருந்த வாசகம் இப்போது இல்லை. அச்சட்டத்தின் 8(2) பிரிவில் உள்ள பொதுவான வழி மட்டும் தொடர்கிறது. இதனால், தேர்வுக் குழு ஒரு வீரரை ஏன் நீக்கியது என்று கேட்டாலும் தனிநபர் தகவல் என்ற பதில் வரலாம் என்ற கவலை எழுந்துள்ளது. வீரரைக் காக்க வந்த கவசம் நிர்வாகிகளின் திரையாக மாறாமல் இருக்க, தேசிய விளையாட்டு வாரியமும் தீர்ப்பாயமும் முதல் சில வழக்குகளில் எடுக்கும் நிலைப்பாடு முக்கியமானதாக இருக்கும்.

2027 மே வரையிலான இடைக்காலத்தில், விளையாட்டு விடுதி அல்லது அகாதெமியில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், ஆவண நகல்களின் மீது எந்த நோக்கத்துக்காக அளிக்கப்படுகிறது என்பதையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திடலாம். ஆதார் எண்ணின் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து கட்டணமின்றிப் பதிவிறக்கம் செய்து வழங்கலாம். மருத்துவச் சோதனை எதுவானாலும் அதன் பெயர், காரணம், அறிக்கையின் நகல் ஆகியவற்றை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறலாம்.